சான்டிஸ்க் வளரும், ஆனால் ஆளாது

ரொம்ப நாளாக எழுதவில்லை. இன்டர்னல், அசைன்மென்ட் என்று வழக்கமான சாக்குகள்தான். இந்த முறை சினிமாவும் இல்லை, கிரிக்கெட்டும் இல்லை. ஒரு கம்பெனியைப் பற்றிய கட்டுரை. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளவும்.

போன செமஸ்டரில் எங்களுக்கு ஒரு செமினார். வேகமாக வளரும் ஒரு நிறுவனத்தை எடுத்துக்கொண்டு, அது தன் சந்தையை ஆளுமா ஆளாதா என்று வாதாட வேண்டும். ஆளாளுக்கு எலெக்ட்ரிக் ஸ்கூட்டர், பத்து நிமிட டெலிவரி என்று கிளம்பினார்கள். நான் வித்தியாசமாக இருக்கட்டுமே என்று சான்டிஸ்க்கை எடுத்தேன். ஆமாம், பென் டிரைவிலும் மெமரி கார்டிலும் பெயர் பார்த்திருப்பீர்களே, அதே சான்டிஸ்க்தான்.

காரணம் சிம்பிள். 2025 பிப்ரவரியில் வெஸ்டர்ன் டிஜிட்டலிலிருந்து பிரிந்து தனிக் கம்பெனியாகப் பங்குச் சந்தைக்கு வந்தபோது ஒரு பங்கு 50 டாலரை ஒட்டி இருந்தது. அந்த வருடம் முடியும்போது 200 டாலரைத் தாண்டியிருந்தது. நடுவில், நவம்பரில், எஸ் அண்ட் பி 500 பட்டியலிலும் சேர்ந்துவிட்டது. அந்தப் பட்டியலில் 2025இல் அதிகம் ஏறிய பங்கே இதுதான். இந்த கிராஃபை ஸ்கிரீனில் போட்டுவிட்டு, "ஆகவே சான்டிஸ்க் ஃபிளாஷ் மெமரி சந்தையை ஆளப்போகிறது" என்று முடித்தேன். கைதட்டல் எல்லாம் கிடைத்தது.

கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்த எங்கள் சார் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "ஏம்பா, அந்தக் கம்பெனி மட்டும் நாளைக்கு விலையைப் பத்து சதவீதம் ஏத்தினா, வாங்குறவன் எங்கே போவான்?"

நான் முழித்தேன். "வேற கம்பெனிக்குப் போவான் சார்" என்று சொன்னால் என் செமினார் மொத்தமும் அவுட். "போக மாட்டான் சார்" என்றால் அது பொய். "பாத்து சொல்றேன் சார்" என்று உட்கார்ந்துவிட்டேன்.

அதோடு விட்டிருந்தால் இந்தப் பதிவே வந்திருக்காது. அன்றைக்கு ராத்திரி ரூம் மேட் வந்தான். ட்யூஷன் எடுத்தும் இன்டர்ன்ஷிப்பிலும் சேர்த்த காசு நாற்பதாயிரம் சொச்சம் அவனிடம் இருக்கிறது. "மச்சான், நீ பேசினதைக் கேட்டேன்டா. அமெரிக்க பங்கு வாங்குற ஆப்ல அக்கவுண்ட் ஓப்பன் பண்ணிட்டேன். மொத்தத்தையும் அதுல போட்டுடலாம்னு இருக்கேன்" என்றான். எனக்குப் பக்கென்று ஆகிவிட்டது. மார்க்குக்காகப் பேசியதை நம்பி ஒருத்தன் காசு போடப்போகிறான். அதற்குப் பிறகுதான் உண்மையிலேயே உட்கார்ந்து படித்தேன். படித்ததில் என் கருத்தே மாறிவிட்டது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் கொஞ்சம் ஜாதகம்

1988இல் எலி ஹராரி, சஞ்சய் மெஹ்ரோத்ரா, ஜாக் யுவான் என்ற மூன்று பேர் கலிபோர்னியாவில் தொடங்கிய கம்பெனி. அப்போது பெயர் சன்டிஸ்க். மெஹ்ரோத்ரா நம்ம ஊர்க்காரர், கான்பூரில் பிறந்தவர். 1991இல் ஐபிஎம்முக்காக 20 எம்பி கொள்ளளவில் ஒரு ஃபிளாஷ் டிரைவ் செய்து கொடுத்தார்கள். விலை சுமார் ஆயிரம் டாலர். எம்பிதான், ஜிபி இல்லை. இன்றைக்கு நாலு போட்டோ வைத்தால் நிரம்பிவிடும். 1995இல் பெயரை சான்டிஸ்க் என்று மாற்றிக்கொண்டு பங்கு வெளியிட்டார்கள்.

2008இல் சாம்சங் 585 கோடி டாலருக்கு விலை பேசியது. சான்டிஸ்க் மறுத்தது, சாம்சங்கும் பின்வாங்கியது. 2016இல் ஹார்டு டிஸ்க் கம்பெனியான வெஸ்டர்ன் டிஜிட்டல் ஏறக்குறைய 1600 கோடி டாலருக்கு வாங்கியது. ஒன்பது வருடம் கூட்டுக் குடும்பம். 2025இல் தனிக்குடித்தனம்.

இதில் ஒரு சுவாரசியம். நிறுவனர்களில் ஒருவரான அதே சஞ்சய் மெஹ்ரோத்ரா 2017இல் மைக்ரான் கம்பெனிக்குத் தலைமை அதிகாரியாகப் போய்விட்டார். மைக்ரான் யார்? ஃபிளாஷ் மெமரியில் சான்டிஸ்க்கின் நேரடிப் போட்டியாளர். வீட்டைக் கட்டியவரே எதிர்வீட்டை நடத்துகிறார் :-)

லாபம் எங்கிருந்து வந்தது?

காமர்ஸ் படிக்கிறோம், கணக்கைப் பார்க்காமல் எப்படி. 2025 ஜூனில் முடிந்த நிதியாண்டில் சான்டிஸ்க்கின் விற்பனை 736 கோடி டாலர். நிகர நஷ்டம் 164 கோடி டாலர். இதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். அந்த வருடம் 183 கோடி டாலரை நற்பெயர் மதிப்பிறக்கம் என்று எழுதித் தள்ளியிருக்கிறார்கள். நம்ம பாடத்தில் வருமே, குட்வில், அதேதான். கையிலிருந்து போன பணம் இல்லை. ஆனாலும் ஒன்று கவனியுங்கள். அந்த குட்வில்லுக்கு அவ்வளவு மதிப்பு இல்லை என்று கம்பெனியே ஒப்புக்கொண்டிருக்கிறது.

அடுத்து நடந்ததுதான் மேஜிக். 2025 ஜூன் காலாண்டில் விற்பனை 190 கோடி டாலர், மொத்த லாப விகிதம் 26 சதவீதம். செப்டம்பர் காலாண்டில் விற்பனை 231 கோடி, நிகர லாபம் 11.2 கோடி. 2026 ஜனவரித் தொடக்கத்தில் முடிந்த காலாண்டில் விற்பனை 303 கோடி, நிகர லாபம் 80.3 கோடி, மொத்த லாப விகிதம் 51 சதவீதத்தை ஒட்டி.

ஆறு மாதத்தில் மார்ஜின் ஏறக்குறைய இரட்டிப்பு. நான் செமினாரில் இதைத்தான் "ஆதிக்கத்தின் அறிகுறி" என்று காட்டினேன். நிதானமாக யோசித்தால், ஆறு மாதத்தில் தொழிற்சாலை இரட்டிப்பாகுமா? ஆகாது. புதுத் தொழிற்சாலை கட்டி மெஷின் போட்டு சரக்கு வெளியே வர வருடங்கள் ஆகும். அப்படியானால் முக்கியமாக ஏறியது எது? விலை. ஏஐ டேட்டா சென்டர்களுக்கு ஃபிளாஷ் கணக்கில்லாமல் தேவைப்பட்டது. 2023இல் அடிபட்ட கம்பெனிகள் எல்லாம் உற்பத்தியைக் குறைத்து வைத்திருந்தன. தேவை ஏறி, வரத்து குறைந்தால் விலை ஏறும். ப்ளஸ் ஒன் பொருளியல்.

இப்படி யோசித்துப் பாருங்கள். தக்காளி கிலோ நூற்றைம்பதுக்குப் போகும்போது, தோட்டத்தில் காய் வைத்திருக்கும் விவசாயிக்கு நல்ல காசு. ஒரே போகத்தில் கடனை அடைத்து டிராக்டரே வாங்கலாம். ஆனால் அவர் கோயம்பேட்டை ஆள்கிறார் என்று யாராவது சொல்வோமா? அந்த விலையை அவர் வைக்கவில்லை, விலை அவரைத் தேடி வந்தது. அடுத்த போகத்தில் எல்லோரும் தக்காளி போடுவார்கள், கிலோ பத்து ரூபாய்க்கு வந்து ரோட்டோரம் கொட்டுவார்கள். பொருளியல் புத்தகத்தில் சிலந்தி வலைக் கோட்பாடு என்று ஒரு படம் வரும், இரண்டு மார்க் கேள்வி என்று தாண்டிப் போவோம். ஃபிளாஷ் மெமரித் தொழில் மொத்தமும் அந்தப் படம்தான்.

2023இல் யார் தப்பித்தார்கள்?

2025 ஏறுமுகம். இறங்குமுகம் எப்படி இருந்தது? 2023இல் கொரோனா காலத்து லேப்டாப், போன் வாங்கும் அலை அடங்கி மெமரி விலை சரிந்தது. மைக்ரானுக்கு அந்த நிதியாண்டில் 583 கோடி டாலர் நஷ்டம். எஸ்கே ஹைனிக்ஸுக்கு 7.7 லட்சம் கோடி வோன் இயக்க நஷ்டம். சான்டிஸ்க்கைத் தனக்குள் வைத்திருந்த வெஸ்டர்ன் டிஜிட்டலுக்கு 170 கோடி டாலர் நஷ்டம்.

சரி, நம்பர் ஒன் சாம்சங்? ஃபிளாஷ் சந்தையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அதன் கையில். சான்டிஸ்க்கின் பங்கு 2025இல் எட்டில் ஒன்று என்ற அளவுதான். அப்பேர்ப்பட்ட சாம்சங்கின் சிப் பிரிவுக்கு 2023இல் ஏறக்குறைய 15 லட்சம் கோடி வோன் நஷ்டம்.

இதுதான் என் செமினாரைக் கவிழ்த்த கணக்கு. பல வருடமாக முதலிடத்தில் இருக்கும் சாம்சங்காலேயே விலை விழுவதைத் தடுக்க முடியவில்லை. முதலிடத்தில் இருப்பது வேறு, ஆள்வது வேறு. ஆள்கிறவன் விலையை வைப்பான். இந்தச் சந்தையில் எல்லோரும் விலையை வாங்கிக்கொள்கிறார்கள். முதலிடமே இந்த லட்சணம் என்றால், எட்டில் ஒரு பங்கு வைத்திருப்பவர் என்ன செய்ய முடியும்?

ஏன் இப்படி? பகிர்ந்தால்தான் பிழைப்பு

இங்கேதான் எனக்கு விஷயம் பிடிபட்டது. சான்டிஸ்க் வளர்ந்த கதையை மறுபடி படித்தபோது, அது வளர்ந்த ஒவ்வொரு கட்டத்திலும் எதையோ ஒன்றை மற்றவர்களோடு பகிர்ந்திருக்கிறது.

முதல் பகிர்வு, ஸ்டாண்டர்டு. 1994இல் காம்பாக்ட் ஃபிளாஷ் கார்டை சான்டிஸ்க் கொண்டுவந்தது. 1999இல் மட்சுஷிடா (பானசோனிக்), டோஷிபாவோடு சேர்ந்து எஸ்டி கார்டை உருவாக்கியது. எந்தக் கம்பெனியும் எஸ்டி கார்டு செய்யலாம், எந்தக் கேமராவிலும் அந்த ஓட்டையை வைக்கலாம். அதனால்தான் உலகம் முழுக்கப் பரவியது. அதே காரணத்தால்தான் கடையில் சான்டிஸ்க் கார்டுக்குப் பக்கத்திலேயே இன்னும் நாலு பிராண்டு தொங்குகிறது.

பகிராமல் இருந்திருந்தால்? அப்படி இருந்த இரண்டு பேர் கதை இருக்கிறது. 1998இல் சோனி தன் மெமரி ஸ்டிக்கைக் கொண்டுவந்தது. பெரும்பாலும் சோனி கேமராவுக்குச் சோனி கார்டு. பத்து வருடத்துக்கு மேல் பிடிவாதம் பிடித்துப் பார்த்து, கடைசியில் 2010இல் சோனியே தன் கேமராக்களில் எஸ்டி கார்டு போட இடம் வைத்தது.

இன்னொன்று ஐயோமெகா. நம்மில் பலர் பெயரே கேள்விப்பட்டிருக்க மாட்டோம். 1.44 எம்பி ஃபிளாப்பி ஓடிய காலத்தில், 1995இல், 100 எம்பி கொள்ளும் ஜிப் டிஸ்க்கோடு வந்தார்கள். அந்த டிஸ்க்கைப் படிக்க ஜிப் டிரைவ் வேண்டும். பங்கு விலை விண்ணுக்குப் போனது. 1996இல் யாராவது ஒரு காமர்ஸ் மாணவர் என்னைப் போலவே செமினார் எடுத்து "ஐயோமெகா ஆளும்" என்று சொல்லியிருப்பார் என்று நினைக்கிறேன். பிறகு டிரைவில் 'டக் டக்' சத்தம் வந்து டிஸ்க் செத்துப்போகும் பிரச்சினை, 1998இல் கோர்ட் வழக்கு, அதற்குமேல் சிடி எழுதும் வசதி மலிவானது. 2008இல் ஈஎம்சி என்ற கம்பெனி 21.3 கோடி டாலருக்கு வாங்கியதோடு கதை முடிந்தது.

யோசித்தால் நியாயமாகத்தான் படுகிறது. நாம் ஒரு ஃபைலைச் சேமிப்பதே இன்னொரு நாள், இன்னொரு மெஷினில் திறந்து பார்க்கத்தான். ஒரே கம்பெனியின் பெட்டியில் மட்டும் திறக்கும் என்றால் அந்தப் பெட்டியை நம்பி யார் கல்யாண போட்டோவை வைப்பார்கள்? அதனால் ஸ்டோரேஜ் தொழிலில் கதவைப் பூட்டினால் குட்டையில்தான் ராஜா. கதவைத் திறந்தால் கடலில் பத்தோடு பதினொன்று.

இரண்டாவது பகிர்வு, தொழிற்சாலை. இதுதான் எனக்குப் பெரிய ஆச்சரியம். சான்டிஸ்க்கின் ஃபிளாஷ் சிப்புகள் வருவது ஜப்பானில் யொக்காயிச்சி, கிடகாமி என்ற இரண்டு ஊர்களில் இருக்கும் ஆலைகளிலிருந்து. அவை கூட்டுத் தொழில். முதலில், 2000ஆம் ஆண்டு வாக்கிலிருந்து, டோஷிபாவோடு கூட்டு. இப்போது கியோக்ஸியாவோடு.

டோஷிபா ஏன் கியோக்ஸியா ஆனது என்பது தனிச் சோகம். ஃபிளாஷ் மெமரியைக் கண்டுபிடித்ததே டோஷிபாதான். 1980களில் ஃபுஜியோ மசுவோகா என்ற அவர்களுடைய இன்ஜினியர் கண்டுபிடித்தார். ஆனால் வெஸ்டிங்ஹவுஸ் என்ற அணு உலைக் கம்பெனியை வாங்கி அதில் மாட்டிக்கொண்ட நஷ்டத்தை ஈடுகட்ட, 2018இல் டோஷிபா தன் மெமரித் தொழிலையே விற்றது. 2019இல் அதற்குக் கியோக்ஸியா என்று பெயர் வந்தது. கண்டுபிடித்தவனாலேயே வைத்துக்கொள்ள முடியவில்லை.

கூட்டு எப்படி? ஆராய்ச்சிச் செலவில் பங்கு, மெஷின் செலவில் பங்கு, கூட்டாகப் போட்ட மெஷின்களில் வரும் சிலிக்கானில் சரிபாதி. ஒரு ஃபிளாஷ் ஆலைக்குப் பல நூறு கோடி டாலர் ஆகும். இந்தக் கூட்டு இல்லையென்றால் சான்டிஸ்க் அளவு கம்பெனி சாம்சங்கோடு போட்டி போட்டிருக்கவே முடியாது. ஆனால் அடுத்த பக்கத்தைப் பாருங்கள். சான்டிஸ்க் கையில் என்ன சிப் இருக்கிறதோ அதே சிப் கியோக்ஸியா கையிலும் இருக்கிறது. சான்டிஸ்க் விலையைக் கூட்டினால், வாங்குபவர் அதே ஆலையின் சரக்கை அடுத்த கவுண்ட்டரில் வாங்கிக்கொள்ளலாம்.

சார் கேட்ட கேள்விக்கு இதுதான் பதில். அவன் ரொம்ப தூரம் போக வேண்டியதே இல்லை.

மூன்றாவது, வாங்குபவர்கள். இப்போது பெரிய காசு வருவது நம்மைப் போல ஒரு பென் டிரைவ் வாங்குபவர்களிடமிருந்து இல்லை, டேட்டா சென்டர்காரர்களிடமிருந்து. அவர்கள் விவரமானவர்கள். ஒரே சப்ளையரை நம்பி இருப்பது அவர்கள் பழக்கம் இல்லை. ஒருவர் சரக்கு தாமதமானால் இன்னொருவர் வேண்டும், ஒருவர் விலையைக் காட்டி இன்னொருவரிடம் பேரம் பேச வேண்டும். சான்டிஸ்க் எவ்வளவு நல்ல சரக்கு கொடுத்தாலும் ஆர்டர் மொத்தமும் அதற்கே வராது.

"ஆனால்..." என்று இழுப்பவர்களுக்கு

முதல் எதிர்வாதம். ஹார்டு டிஸ்க்கைப் பாரு. ஒரு காலத்தில் 200க்கும் மேற்பட்ட கம்பெனிகள் செய்தார்கள். இன்றைக்கு சீகேட், வெஸ்டர்ன் டிஜிட்டல், டோஷிபா என்று மூன்றுதான். ஃபிளாஷிலும் அப்படி ஆகாதா?

ஆகலாம். ஆனால் மூன்று பேர் மிஞ்சினால் அது சில்லோர் முற்றுரிமை, ஒருவர் ஆட்சி இல்லை. ஹார்டு டிஸ்க்கை 1956இல் உலகுக்குக் கொடுத்த ஐபிஎம், 2002இல் அந்தத் தொழிலை ஹிட்டாச்சிக்கு விற்பதாக அறிவித்துவிட்டு ஒதுங்கியது. ஹிட்டாச்சியும் அதை வைத்துக்கொள்ளவில்லை, வெஸ்டர்ன் டிஜிட்டலிடம் கொடுத்துவிட்டது. ஃபிளாஷில் சேர்வதும் அவ்வளவு சுலபம் இல்லை. வெஸ்டர்ன் டிஜிட்டலின் ஃபிளாஷ் பிரிவும் கியோக்ஸியாவும் ஒன்றாக நடத்திய பேச்சு 2023 அக்டோபரில் முறிந்தது. கியோக்ஸியாவில் மறைமுகமாக முதலீடு வைத்திருந்த எஸ்கே ஹைனிக்ஸ் ஒப்புக்கொள்ளவில்லை. போட்டியாளனே பங்காளி வீட்டில் உட்கார்ந்திருக்கிறான்! அந்தப் பக்கம் சீனாவில், வூஹானில், 2016இல் தொடங்கிய ஒய்எம்டிசி இருக்கிறது. 2022 டிசம்பரில் அமெரிக்கா அதைத் தடைப் பட்டியலில் சேர்த்தது. அதற்குப் பிறகும் அது கடையை மூடிவிடவில்லை. ஆக, இருப்பவர்கள் குறைவதற்குள் புதியவர் வந்துவிட்டார்.

இரண்டாவது எதிர்வாதம் கொஞ்சம் வலுவானது. மெமரியில் யாராலும் முந்த முடியாது என்கிறாயே, எஸ்கே ஹைனிக்ஸ் முந்தியதே? உண்மைதான். ஏஐ சிப்புகளுக்குப் பக்கத்தில் வைக்கும் எச்பிஎம் என்ற அதிவேக மெமரியில் எஸ்கே ஹைனிக்ஸ் எல்லோருக்கும் முன்னால் ஓடியது. அதன் பலனாக 2025இன் முதல் காலாண்டில், முப்பது வருடத்துக்கு மேல் டிராம் மெமரியில் முதலிடத்தில் இருந்த சாம்சங்கை வருமானத்தில் தாண்டியது. செய்வதற்குக் கஷ்டமான சரக்கு, அவசரமாகத் தேவைப்படும் வாடிக்கையாளர், சரியான நேரம். மூன்றும் சேர்ந்தால் முந்தலாம்.

சான்டிஸ்க்கும் அதே கனவில் எச்பிஎஃப் என்று ஒன்றை 2025இல் அறிவித்தது. எச்பிஎம் போலவே அடுக்கி வைத்த, ஆனால் ஃபிளாஷில் செய்த மெமரி. செமினாரில் இதைச் சொல்லியிருந்தால் சாரையே மடக்கியிருக்கலாமோ என்று ஒரு நிமிடம் ஆசைப்பட்டேன். அடுத்த செய்தியைப் படித்ததும் ஆசை போய்விட்டது. 2025 ஆகஸ்டில், இந்த எச்பிஎஃப்பைப் பொது ஸ்டாண்டர்டு ஆக்க சான்டிஸ்க் ஒருவரோடு ஒப்பந்தம் போட்டது. யாரோடு? எஸ்கே ஹைனிக்ஸோடு.

சிரிப்பு வந்தது. 1999இல் எஸ்டி கார்டுக்குச் செய்த அதே வேலை. இது முட்டாள்தனம் என்று நான் சொல்லவில்லை. புத்திசாலித்தனம்தான். ஒரே கம்பெனி மட்டும் செய்யும் மெமரியை நம்பி யாரும் பல்லாயிரம் கோடிக்கு டேட்டா சென்டர் கட்ட மாட்டார்கள். இரண்டு பேராவது செய்தால்தான் வாங்குவார்கள். பகிர்ந்தால் சந்தை பிறக்கும், பகிர்ந்ததாலேயே அது தனியாக நமக்கு இருக்காது. என் கட்சி இவ்வளவுதான். இந்தத் தொழிலில் உன்னை வளர்ப்பது எதுவோ, அதுவேதான் உன்னை ஆளவிடாமலும் தடுக்கிறது.

என்விடியா ஆள்கிறதே என்பீர்கள். அதற்குக் கூடா என்ற சொந்த மென்பொருள் இருக்கிறது. அதில் எழுதிப் பழகியவர்கள் வேறு சிப்புக்கு மாறுவது கஷ்டம். ஒரு எஸ்எஸ்டியைக் கழற்றி இன்னொரு பிராண்டு மாட்ட எவ்வளவு நேரம் ஆகும்? ஒரு ஸ்க்ரூ டிரைவர் போதும்.

நமக்கு இதில் என்ன?

யாரும் ஆளாமல் இருப்பது வாங்குகிற நமக்கு நல்லது. 1991இல் 20 எம்பிக்கு ஆயிரம் டாலர், இன்றைக்கு நம் போனில் 128 ஜிபி. இந்த இறக்கம் வந்ததற்குத் தொழில்நுட்பம் ஒரு காரணம் என்றால், ஒருவரை ஒருவர் விடாமல் துரத்தியது இன்னொரு காரணம். ஆளும் கம்பெனி ஒன்று இருந்திருந்தால் பாதி வழியிலேயே நின்று லாபம் பார்த்திருக்கும்.

ஆனால் முழுக்கச் சந்தோஷப்படவும் முடியவில்லை. 2025 டிசம்பரில் மைக்ரான், தன் க்ரூஷியல் பிராண்டில் சாதாரண ஜனங்களுக்கு விற்கும் தொழிலிலிருந்து விலகுவதாக அறிவித்தது. டேட்டா சென்டருக்கே சரக்கு போதவில்லை, உங்களுக்கு எங்கே என்பதுதான் அர்த்தம். நான் பயப்படுவது ஏகபோகத்துக்கு இல்லை, இதற்குத்தான். ஐந்து கடை இருந்தும் ஐந்து பேருமே பெரிய வீட்டுக் கல்யாண ஆர்டரில் பிஸி என்றால், அரை கிலோ ஸ்வீட் கேட்டுப் போகிறவன் வெளியே நிற்க வேண்டியதுதான். பழைய லேப்டாப்புக்கு எஸ்எஸ்டி மாற்றி இன்னும் இரண்டு வருடம் ஓட்டலாம் என்று இருந்த என்னைப் போன்றவர்கள் அந்த வரிசையில்தான் நிற்கிறோம்.

கடைசியாக, நாற்பதாயிரம்

இதையெல்லாம் ரூம் மேட்டிடம் சொன்னேன். பாதியிலேயே கொட்டாவி விட்டான். கடைசியில், "அப்போ வாங்கக் கூடாதுங்கிறியா?" என்றான்.

"அது வேற கேள்விடா" என்றேன். சந்தையை ஆளாத கம்பெனியின் பங்கையும் அடிமட்ட விலையில் வாங்கினால் லாபம் வரலாம். 2025 தொடக்கத்தில் வாங்கியவர்களுக்கு வந்தது. சந்தையை ஆளும் கம்பெனியையே உச்ச விலையில் வாங்கினால் கையைச் சுட்டுக்கொள்ளலாம். ஆனால் "இந்தக் கம்பெனி ஆளப்போகிறது, அதனால் எந்த விலைக்கும் வாங்கலாம்" என்று நினைத்துப் போட்டால், தக்காளி நூற்றைம்பது விற்கும்போது தோட்டம் குத்தகைக்கு எடுத்த கதைதான். ஏறின விலை எந்தக் காலாண்டில் இறங்கும் என்று என்னால் சொல்ல முடியாது. இறங்கும்போது அதைத் தடுக்கும் சக்தி சான்டிஸ்க்கிடம் இல்லை என்பதை மட்டும் சொல்ல முடியும்.

அவன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "ஃபைனல் இயர் ஃபீஸ் கட்டிட்டு மிச்சத்தைப் பத்தி யோசிக்கிறேன்" என்றான். நான் செய்ததிலேயே உருப்படியான செமினார் அதுதான் என்று தோன்றியது.

சாரையும் போய்ப் பார்த்தேன். "பதில் கிடைச்சுது சார். அடுத்த கவுண்ட்டருக்குப் போவான்" என்றேன். சிரித்தார். "இதை அன்னைக்கே சொல்லியிருந்தா ரெண்டு மார்க் கூடப் போட்டிருப்பேன்" என்றார். இப்போது போட மாட்டாராம் :-(

டிஸ்கி: நான் பங்கு ஆலோசகன் இல்லை, காமர்ஸ் மாணவன். என் கணக்கில் அமெரிக்கப் பங்கு எதுவும் இல்லை, உள்ளூர்ப் பங்கும் இல்லை, மெஸ் பாக்கி மட்டும்தான் இருக்கிறது. சான்டிஸ்க் ஆளும் என்று இன்னும் நம்புபவர்கள் பின்னூட்டத்தில் வந்து சண்டை போடலாம். சார் கேட்ட கேள்விக்கு மட்டும் முதலில் பதில் சொல்லிவிடுங்கள்.